வரிசையில் ஓர் இடம்

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்புக்கூடக் கழற்றவில்லை, போட்டிப் பொறுப்பாளர் நல்லதம்பி சேர் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறார். தமிழ்த்தினப் போட்டிச் சிறுகதைகள், நான் மார்க் போட. பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் போன சனிக்கிழமை மண்டபத்தில் இருந்து எழுதியவை. இருபத்தாறு. பெயர் இல்லை, சுட்டெண் மட்டும். தலைப்பு, "காலத்தைக் கடந்து ஒரு பயணம்". யாருடைய மூளையில் உதித்ததோ! ஸ்கந்தபுரத்துப் பிள்ளை டவுனுக்குப் போக பஸ் இல்லாமல் நிற்கிறது, இதில் காலத்தைக் கடக்கட்டாம்.

மகள் யதுவுக்குப் போன மாதம் பதினைந்து முடிந்தது. அடையாள அட்டைக்காக அவளுடைய பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதி கேட்கிறார்கள். பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்கவேண்டும். வரிசை என்றாலே நான் ஒதுங்கிப் போகிறவள். விஜிதரனைப் போகச் சொன்னேன். வயலுக்குத் தண்ணி விடுகிற முறை என்று தப்பிவிட்டார். புருசன்மாருக்கு எப்போதும் ஒரு தண்ணி முறை இருக்கும்.

ஜூன் 5, வியாழன்

பதினொரு கதை முடிந்தது. எழுத்துப்பிழைக்கே ஒரு சிவப்புப் பேனை காலியாகிவிடும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பிள்ளைகளுக்கு நல்ல கற்பனை. ஒருத்தன் சைக்கிளைப் பின்பக்கமாக மிதிக்கிறான், காலமும் பின்னுக்குப் போகிறது. ஒருத்தி ஏ9 வீதியில் பஸ் ஏறுகிறாள். நடத்துநர் "எந்த வருசம் தங்கச்சி?" என்று கேட்டு ரிக்கெற் கிழிக்கிறார். வாய்விட்டுச் சிரித்தேன். அவள் இறங்கின இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

போய் என்ன செய்கிறார்கள்? ஒருத்தன், இடம்பெயரும்போது அப்பா புதைத்த தையல் மெசினுக்கு மேல் அடையாளத்துக்கு ஒரு கல்லை வைக்கிறான். இன்னொருத்தி மாமாவைப் பதுங்குகுழிக்கு வெளியே போகவிடாமல் சேட்டு நுனியைப் பிடித்து இழுக்கிறாள். எல்லோரும் போவது அதே வருசத்துக்கு, சண்டை முடிந்த 2009க்கு. இந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்போது பிறக்கவே இல்லை.

ஜூன் 6, வெள்ளி

என்னோடு சேர்ந்து மார்க் போடுகிற நிரோஜா ரீச்சர் ஃபோன் எடுத்தாள். ஒரு பிள்ளையும் எதிர்காலத்துக்குப் போகவில்லை, கவனித்தீர்களா என்று கேட்டாள். இராசாக்களைப் பார்க்கவும் ஒருத்தரும் போகவில்லையாம். முன்னுக்கு என்ன கிடக்கு என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். படிப்பிக்கிற ஒருத்தி சொல்கிற பதிலா அது?

அவளிடம் சொல்லாத ஒன்று - இந்தப் பயணத்தில் எனக்குப் பதினாறு வருசப் பழக்கம். அடுப்பு மூட்டும்போது போவேன். கரும்பலகை துடைக்கும்போது போவேன். இப்படிக் கதைகளில் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். வீட்டைத் திரும்பக் கட்டலாம், வயலைத் திரும்ப விதைக்கலாம். ஒரு நிமிசத்தை மட்டும் திருத்த ஏலாது. கதையில் ஏலும்.

ஜூன் 7, சனி

சுட்டெண் 19. முதல் வரியிலேயே கையெழுத்துத் தெரிந்தது. தெரியாதவள் மாதிரிக் கடைசிவரை வாசித்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

யதுவின் கையெழுத்து. 'ற'வுக்கு வாலை நீட்டாதே என்று சின்ன வயதில் நான் தலையில் குட்டின அதே 'ற'. போட்டி நடந்த சனிக்கிழமை நெற்போல் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனவள்.

கதை இதுதான். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு கடற்கரை மணலில் போய் இறங்குகிறாள். கஞ்சிக்கு நீள வரிசை. ஆட்கள் தண்ணிக் கானையோ கல்லையோ செருப்பையோ வைத்து இடம் பிடித்துவிட்டு நிழலுக்குப் போகிறார்கள். ஒரு அம்மா நாலு வயது மகனோடு நிற்கிறாள். கையில் இருப்பது சின்னத் தகரப் பேணி. பெரிய சட்டி கொண்டுவந்தால் பின்நேரத்துக்கும் சேர்த்து வாங்கலாம். ஆனால் சட்டி பதுங்குகுழியில் கிடக்கிறது. போனால் இடம் போய்விடும். பேணியை வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள். அதனால் மகனை நிற்பாட்டிவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறாள். அப்போது இந்தப் பெண் கிட்ட வந்து சொல்கிறாள்: "அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ அம்மா. இடத்தை நான் பிடிச்சு வைக்கிறன்." நாலு வயதுப் பிள்ளையை ஏன் அண்ணா என்கிறாள் என்று அந்த அம்மா யோசிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, திரும்பியும் பாராமல் போகிறாள்.

கடைசி வரி: "நான் வரிசையில் நின்றேன்."

எல்லாம் நடந்தது. அந்தப் பெண் வந்தது ஒன்றுதான் நடக்காதது. என் மூத்தவன் ரஜிதனைப் பேணியோடு நிற்பாட்டினேன். "அசையாதை ராசா, அம்மா இந்தா வாறன்" என்றேன். அவன் அசையவில்லை. சொல்வழி கேட்கிற பிள்ளை. சட்டியை எடுத்துக்கொண்டு பாதி வழி வந்திருப்பேன், வரிசையில் ஷெல் விழுந்தது.

சட்டி என்ன பெரிய சட்டி! ஒருநேரக் கஞ்சிக்கு என்ரை பிள்ளையை ஒரு கல்லை வைக்கிற மாதிரி வச்சிட்டுப் போனனான். நான்தான். வேறை ஆரும் இல்லை.

யதுவுக்கு நாங்கள் சொன்னது அண்ணா சண்டையில் போனவன் என்று மட்டும். மிச்சம் விஜிதரனுக்குத்தான் தெரியும். அவர்தான் இவளிடம் சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளை போதும் என்று அப்போது முடிவெடுத்திருந்தோம், அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். ரஜிதன் இருந்திருந்தால் இவள் இல்லை. பதினாறு வருசமாகப் போகிறேன், அவனைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். வந்து சேர்கிற வீட்டில் யது இல்லை என்று ஒருநாளாவது பார்த்தேனா? அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, சரி, அம்மா சந்தோசமாக இருக்கட்டும் என்று அந்த வரிசையில் போய் நின்றிருக்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

பெற்ற பிள்ளைக்கு மார்க் போடக்கூடாது. வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சொன்னால், அது யாருடைய வீட்டுக் கதை என்று தெரிந்துவிடும். காலை முழுவதும் யோசித்து, இடைவேளைக்கு நல்லதம்பி சேரிடம் கதைக் கட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பத்தொன்பது என் மகளுடையது, வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். மனிதர் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. கதை எப்படி என்று மட்டும் கேட்டார்.

"மூண்டு எழுத்துப்பிழை சேர்" என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

பௌர்ணமி, போயா லீவு. குசினியில் யது தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கதையை வாசித்தேன் என்றேன். தெரியும் என்கிறாள்! நல்லதம்பி சேர் ஃபோன் எடுத்து அம்மாதான் இந்த முறை நடுவர் என்று சொன்னது இவளிடம்தானாம். அதன் பிறகுதான் போட்டிக்கே பெயர் கொடுத்திருக்கிறாள்.

"நேரை சொன்னா நீங்கள் எழும்பிப் போயிடுவியள். மார்க் போடுறதெண்டா கடைசி மட்டும் வாசிப்பியள்."

என்னை இவ்வளவு படித்து வைத்திருக்கிறாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள், உண்மையாகவே போக முடிந்தால் போவீர்களா என்று. இல்லை என்று சொல்லத்தான் பார்த்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"போவன்" என்றேன். அவள் துருவுவது நின்றுவிட்டது. "ஆனா உன்னை அங்கை விட்டிட்டு வரமாட்டன். இழுத்துக்கொண்டுதான் வருவன்."

"அப்பிடி ஏலாது அம்மா. ஒராள்தான்."

"அது உன்ரை கதையிலை. என்ரை கதையிலை ரெண்டு பேரும்தான்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதோம். பதினாறு வருசத்தில் அவன் பெயரைச் சொல்லி நான் சத்தமாக அழுதது இன்றைக்குத்தான். அவள் என் தலையைத் தடவிவிட்டாள், கை முழுக்கத் தேங்காய்ப்பூ.

ஜூன் 11, புதன்

விஜிதரனை ஏசினேன், ஏன் சொன்னனீங்கள் என்று. பிறகு, சொன்னது நல்லது என்றேன். மனிதர் முழுசிக்கொண்டு நின்றார்.

ஜூன் 16, திங்கள்

சுட்டெண் 19க்கு இரண்டாம் இடம். எழுத்துப்பிழைக்கு மார்க் வெட்டவில்லை. நானென்றால் வெட்டியிருப்பேன்.

ஜூன் 19, வியாழன்

பிறப்புச் சான்றிதழ் வரிசை. நானே லீவு போட்டு யதுவோடு போனேன். எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர். நேரே முன்னால் நின்றவர் தண்ணீர்ப் போத்திலை நிலத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். என் அடையாள அட்டையின் போட்டோகொப்பியும் வேண்டும் என்று அப்போதுதான் சொன்னார்கள். கடை, வீதிக்கு மற்றப் பக்கம். இடம் போனால் போகட்டும், இரண்டு பேரும் போவோம் வா என்றேன்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ அம்மா. இடத்தை நான் பிடிச்சு வைக்கிறன்."

யோசித்துத்தான் சொன்னாளா, தானாக வந்ததா? நான் கேட்கவில்லை. கால் எழும்பவே இல்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போனேன்.

கேற்றடியில் ஒருக்கால் திரும்பிப் பார்த்தேன். வீதியைக் கடந்து இன்னொருக்கால். போங்கோ போங்கோ என்று கையைக் காட்டினாள். கடையில் மெசின் சூடாகவேண்டுமாம், நிற்கச் சொன்னார்கள். நின்றேன். கொப்பியை வாங்கிக்கொண்டு, ஓடாமல், நடந்துதான் திரும்பி வந்தேன்.

நின்றாள். வரிசை இரண்டு இடம் நகர்ந்திருந்தது. அந்த மனிதருடைய போத்திலையும் காலால் மெல்ல மெல்லத் தள்ளித் தன்னோடு முன்னுக்குக் கொண்டுபோயிருந்தாள்.