ரெண்டு சுழி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தைத் தேய்க்காமல் அலமாரியில் பத்திரப்படுத்தியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

இங்கே ரெண்டாம் வகுப்புக்குக் கையெழுத்துப் பாடம் என் தலையில் விழுந்திருக்கிறது. போன வாரம் ஒரு கூத்து. ஒரு சிறுமியின் இரட்டைக்கோடு நோட்டில் பக்கம் முழுக்க மூணு சுழி 'ண'வுக்கு நாலு சுழி. நோட்டைத் தூக்கிக் காட்டி, "இது எழுத்தா, ஸ்பிரிங்கா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் எழுந்து நின்று, "டீச்சர், அந்தப் பக்கம் எங்கம்மா எழுதினது. அவங்களும் என்கூட எழுதிப் பழகுறாங்க" என்றாள். மறுநாளிலிருந்து அந்த நோட்டில் ஒரே கையெழுத்துதான்.

அம்மா, நீயும் எழுதப் பழகி எனக்கு ஒரு கடிதம் போட்டாய். 'கண்ணு' என்று எழுத நினைத்து 'கன்னு' என்று எழுதியிருந்தாய். "நான் என்ன மாட்டுக் கன்றா?" என்று சிவப்பு மையில் கேட்டு, அதையே திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு தங்கைதான் எழுதுகிறாள். "பார்வை மங்கலா இருக்கு" என்று நீ போனில் சொன்னதை வசதியாக நம்பிவிட்டேன்.

என் பழைய போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே மடித்து வை. உள்ளே உன் கையால் நாலு வரி இருக்கட்டும். தங்கை பார்த்துத் திருத்தக் கூடாது.

மணி அடித்துவிட்டது. வகுப்புக்குப் போக வேண்டும்.

ரெண்டு சுழியிலேயே,
உன் கன்னு