மேபல் விடும் மூச்சு

அன்பு மகள் ஷோனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நாயும் இங்கே நலமாக இருக்கிறோம், அபர்டீன் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குப் பேசும்போது, அந்தக் கிழட்டு வண்டி மேபலைத் தலைமுழுகிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள் என்றாய். அதற்குத்தான் இந்தப் பதில், பொறுமையாகப் படி.

அப்பாவுக்கு முதுகு போனதிலிருந்து மேபலுக்கு அடியில் படுப்பது நான்தான். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீ குடித்தபடி அதிகாரம் செய்வார். மழைக்காலத்துக்கு முன்னால் அவளுக்கு மூச்சுக்குழாய் வைத்தோம், அதாவது வெள்ளத்தில் இறங்கினாலும் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாதபடி, அது காற்றை இழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கிவிடுவது. அதற்கு அவள் பக்கத் தகட்டில் ஓட்டை போட வேண்டும். டிரில்லை எடுத்தவள் முதலில் அந்தத் தகட்டைத் தடவிக்கொடுத்தேன், இத்தனை வருடம் நம்மைச் சுமந்தவள் அல்லவா. குழாயைப் பொருத்தியதும், எஞ்சினை ஓடவிட்டு அதன் வாயைக் கையால் பொத்தச் சொன்னார் அப்பா. "நின்னு போச்சுன்னா நல்ல சேதி, நோரீன். நிக்கலைன்னா வேற எங்கயோ திருட்டுத்தனமா மூச்சு விடுறான்னு அர்த்தம்." பொத்தினேன், அவள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். எல்லா இணைப்பையும் கழற்றி மறுபடி ஒட்டியும் நிற்கவில்லை. போதும் விடு, நாம என்ன கடலுக்குள்ளயா போறோம் என்றார் அப்பா. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடைசியில் பார்த்தால், காற்று வடிகட்டும் பெட்டிக்கு அடியில் தூசி கொட்டுவதற்கென்று இருக்கும் சின்ன ரப்பர் மூடி வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. அதை மாற்றிவிட்டுப் பொத்தினேன். என் உள்ளங்கையை மேபல் அப்படியே இழுத்துப் பிடித்தாள், ஷோனா, ஒரு குலுக்கு குலுக்கி அடங்கிப் போனாள். அத்தனை பெரிய இரும்பின் மூச்சு என் ஒரு கைக்குள் இருந்தது.

மார்ச்சில் வெள்ளம் வந்தது. வானத்தில் துண்டு மேகம் இல்லை, எல்லாம் வடக்கே எங்கோ பெய்த மழை. முதலில் கூழைக்கடாப் பறவைகள் வந்து இறங்கின, இந்தப் புழுதிக்குத் தண்ணீர் வருகிறதென்று அவற்றுக்கு யார் சொன்னார்களோ. மறுநாள் வெடித்த தரையை நிரப்பிக்கொண்டு, சத்தமே இல்லாமல் தண்ணீர் நடந்து வந்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அன்று பார்த்து அக்கரைப் பண்ணைப் பெண் டீகனுக்கு நாள் ஆகும் முன்பே பிள்ளைவலி கண்டுவிட்டது. அவள் புருஷன் மாடுகளோடு வேறு பக்கம் மாட்டிக்கொண்டான். டாக்டரை ஏற்றி வரும் விமானம் இறங்க வேண்டிய அவர்கள் பண்ணை ஓடுதளம் தண்ணீருக்குள் கிடந்தது, மேட்டில் இருப்பது நம்முடையதுதான். ஹெலிகாப்டர்களெல்லாம் வடக்கே கூரைமேல் ஏறி நிற்பவர்களுக்காகப் போயிருந்தன. ரேடியோவில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வந்துருவீங்கல்ல, நோரீன்?"

தண்ணீர் மோதாதபடி மேபலின் முகத்தில் தார்ப்பாய் கட்டி, விசிறி தண்ணீரை வாரி எஞ்சின்மேல் இறைக்காமலிருக்க அதன் பெல்ட்டைக் கழற்றி, வெள்ளத்தில் இறங்கினோம். முன்னால் கம்பு ஊன்றிப் பள்ளம் பார்த்து நடந்தது யார் தெரியுமா, நாற்காலியை விட்டு எழாத அந்த மனிதர்தான், இடுப்பளவு தண்ணீரில், திரும்பிக்கூடப் பார்க்காமல். பானெட்மேல் தண்ணீர் ஏறியது. என் காதருகே குழாய் காற்றை இழுக்கும் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. போகும்போதும் அப்படித்தான், டீகனை ஏற்றிக்கொண்டு வரும்போதும் அப்படித்தான்.

நம் ஓடுதளத்தில், விமானம் கண்ணில் படும் முன்பே, பின்சீட்டில் பிள்ளை பிறந்துவிட்டாள். அழவில்லை. ரேடியோவில் டாக்டர் சொல்லச் சொல்லத் துடைத்து, முதுகைத் தேய்த்து, மூக்கருகே உள்ளங்கையை வைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி தேய்த்து மறுபடி வைத்தேன். சூடாகத் துளிக் காற்று பட்டது, ஷோனா, அப்புறம்தான் அழுகை. அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார்.

தாயும் பிள்ளையும் நலம். மேபல் என்றே பெயர் வைக்கட்டுமா என்று டீகன் கேட்டாள், பாவம் பிள்ளை, வேண்டாம் என்றேன். நீ பிறந்தபோது நர்சுகள் உன்னை அவசரமாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், உன் முதல் மூச்சு எனக்குக் கிடைக்கவில்லை. அன்று நான் பிடிக்காமல் விட்டது இத்தனை வருடம் கழித்து இந்தக் கிரீஸ் கையில் வந்து பட்டது. அதனால் வண்டியை விற்கும் பேச்சை இனி எடுக்காதே. கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இரு, கண்ணே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா நோரீன்