கருப்பனுக்கு நேர்ந்துவிட்ட சேவல்

ஏலப்பாறை
14-10-2024

அன்புள்ள அருண்பாண்டி அண்ணனுக்கு,

பூமாரி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத முடியவில்லை. எஸ்டேட் லயத்தின் ஒற்றை அறை வீட்டில் போனில் எதைப் பேசினாலும் அம்மா காதில் விழும். வாட்ஸ்அப்பில் போட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் லீவு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்பும் உன் கூட்டாளி ஜிஜோவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு இரைப்பு முற்றிவிட்டது. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவள் பாதி மேட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கோழித் தூசி நுரையீரலைக் கெடுத்திருக்கிறது, கோழியை ஒழிக்காமல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்றார்.

உன் விசாவுக்காக அம்மா கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலுக்கு நான்கு வயதாகிறது. அதற்குத் துணை வேண்டும் என்று நீ வாங்கச் சொன்ன இரண்டு பெட்டைகள் பதினொன்றாகப் பெருகின. வெளியே அடைத்தால் மரநாய் தூக்கிவிடும் என்று அத்தனையும் அடுப்படியில், அம்மாவின் தலைமாட்டில். பாயில் பேன், துவைத்த துணியில் எச்சம். பக்கத்து வீட்டுக் கத்தரீனாள் அத்தை வாசலில் நின்று அம்மாவைப் பார்த்து, "ஒம் மவன் வர்றதுக்குள்ள லயமே சொறிஞ்சு செத்துரும்டி முருகேசு" என்று கத்தினாள். மறுநாள் முட்டை கேட்டும் வந்தாள்.

கோழி சுகாதாரக் கேடு என்று எஸ்டேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஒழுகும் கூரையும் கதவில்லாத கக்கூஸும் அவர்களுக்குச் சுகாதாரம்தான்.

பெட்டைகளை நான் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டேன். சேவலை மட்டும் அம்மா தொட விடவில்லை. "கருப்பனுக்குச் சொன்ன உசுருடி. ஒங்கண்ணன் வந்து நின்னு அறுக்காம நான் எப்பிடித் தூக்கிக் குடுக்க?" என்கிறாள். யார் அறுத்தாலும் சாமி ஏற்றுக்கொள்ளும் என்று பூசாரி தனபால் மாமா சொல்லியும் கேட்கவில்லை. இருமிக்கொண்டே அதற்குக் கம்பு ஊறவைக்கிறாள்.

போன சித்திரைக்கு வருவேன் என்றாய். அதற்கு முந்தின சித்திரைக்கும் அதையேதான் சொன்னாய். இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று ஜிஜோ சொல்லிவிட்டான். அதில் உன்மேல் கோபமில்லை. இந்த லயத்துக்குத் திரும்பி வா என்று சொல்ல எனக்கே வாய் வராது. ஆனால் அம்மாவிடம் இனியும் சித்திரை, சித்திரை என்று சொல்லாதே.

கடிதம் கிடைத்ததும் அவளைக் கூப்பிடு. சேவலைத் தனபால் மாமா அறுக்கட்டும் என்று உன் வாயால் சொல். ஏன் என்று கேட்பாள். பிறகு அழுவாள், இரைக்கும். அவள் மூச்சு நிதானத்துக்கு வரும்வரை போனை வைத்துவிடாதே அண்ணா.

உன் தங்கை,
பூமாரி