தட்டாமல் திறந்த கதவு

ஸ்ரீரங்கம், வியாழன் இரவு

போனில் நான் விளையாடும் அந்த இருட்டு மாளிகைக் கதையை இன்று அழித்தே விடுவது என்றுதான் இருந்தேன். படமும் எழுத்துமாக நகரும் பேய்க்கதை. நகரும் என்று சொல்வதே அதிகம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி அம்மா மண்டபம் ஸ்டாப் வருவதற்குள் நாலே வாக்கியம். ஆனால் அந்த மெழுகுவர்த்தி வெளிச்சமும் மழைச் சத்தமும் என்னை விடமாட்டேன் என்கின்றன.

பத்து நாளாகக் கதாநாயகி ஒரே கதவின் முன்னால் நிற்கிறாள். 'தட்டு', 'காத்திரு' என்று இரண்டே வழி. தட்டினால் அவளைப் படிக்கட்டின் அடிக்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. காத்திருந்தால் எதுவும் அசைவதில்லை. அரை நிமிஷத்தில் பொறுமை போய் மறுபடி தட்டுவேன்.

சாயங்காலம் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் என் புலம்பலைக் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசலைப் போய்த் தட்டறோமா என்ன? திறக்கறவரைக்கும் நிக்கறோமோல்லியோ? காத்திருன்னு அமுக்கிட்டு போனைக் கீழ வை."

வைத்தேன். ஒரு கட்டுக் கீரை ஆய்ந்து முடிந்தது. போனில் மழைச் சத்தம் நின்றது. கதவு தானாகத் திறந்தது!

உள்ளே நீளமாக ஒரு நடை. அதன் கோடியில் இன்னொரு கதவு.

எனக்கு அழுகை வந்தது. மாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதை நாளைக்குப் பாத்துக்கலாம். நான் இல்லாம நீ தொடப்படாது, தட்டிடுவே."

சொன்னதோடு விடவில்லை. போனைத் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

போன் கையில் இல்லாததால், பத்து நாளுக்குப் பிறகு இன்றுதான் இந்த டைரி நோட்டைத் திறந்திருக்கிறேன்.