பாலனின் கணினிக்கு விமான நேரம் வேண்டி

அனுப்புநர்:
த. சீதாலெட்சுமி,
சாலாக் செலாத்தான், கோலாலம்பூர்.

பெறுநர்:
திரு. ராதாகிருஷ்ணன் அவர்கள்,
பொதுமக்கள் தொடர்பு அதிகாரி,
விமான நிலையம்.

பொருள்: பறிக்கப்பட்ட விமான நேரக் குறிப்பைத் திருப்பித் தரவும், என் மீதான தடையை நீக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மலாய் மொழியில் எழுதினால் என் வருத்தம் பாதிதான் வரும். தாங்கள் தமிழர் என்று அறிந்து தமிழிலேயே எழுதுகிறேன்.

1. என் மகன் பாலன் தங்கள் நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவன். மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் அவனால் நடக்க முடியவில்லை. நண்பர்கள் கொடுத்த பழைய கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. நாம் நேரம் கொடுத்தால் மற்ற விமானங்களும் அதில் வந்து இறங்கும், கிளம்பும். உண்மையான நேரத்தைக் கொடுத்தால், தான் இன்னும் வேலையில் இருப்பது போலிருக்கும் என்கிறான்.

2. விமான நிறுவனங்களுக்குப் போன் செய்தால், எந்த ஊருக்கு டிக்கெட் என்று கேட்கிறார்கள். எல்லா ஊருக்கும் நேரம் வேண்டும் என்றால் போனை வைத்துவிடுகிறார்கள். ஆகவே நானே பஸ் ஏறி வந்து, நேரப் பலகையைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன்.

3. சென்ற வெள்ளிக்கிழமை, மெட்ராசுக்குப் போகும் புதுமணத் தம்பதியை வழியனுப்பக் கிள்ளானிலிருந்து இரு வீட்டாரும் வந்திருந்தார்கள். ஒருவர் பயணம் போனால் ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவது நம் வழக்கம், தாங்கள் அறியாததல்ல. பலகை நன்றாகத் தெரியும் இடம் என்பதால் நானும் அவர்களோடு நின்றேன். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும், மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் வீட்டு ஆள் என்றும் நினைத்துவிட்டார்கள். மணப்பெண் என் காலிலும் விழுந்து ஆசி வாங்கியது. எல்லாரும் அழுதபோது நானும் அழுதேன். பிறகு என் கையில் முறுக்குப் பையைக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுக்கப் போனார்கள்.

4. திரும்பி வந்து ஒருவரையொருவர் விசாரித்ததும் என்னைத் திருடி என்றார்கள். அந்தச் சொல் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அவர்கள் அழைத்து வந்த காவலர் ரமணி, "ஆன்டி, ஒங்க ஆளு எந்த பிளைட்டு, சொல்லுங்க லா" என்று மரியாதையாகத்தான் கேட்டார். எல்லா பிளைட்டும் வேண்டும் என்றேன். அதற்குமேல் யார் நம்புவார்? காவலர்கள் என் குறிப்பைப் பறித்துக்கொண்டு, இனி இங்கே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முறுக்கில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. இப்போது பாலன் தன் ஒரே விமானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறான்; இறக்குவதில்லை. ஆளே இல்லாத நிலையத்தில் இறங்கி என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறான்.

ஆகவே, என் மீதான தடையை நீக்கி, என் குறிப்பையோ, தங்கள் அலுவலகக் கால அட்டவணையின் நகலையோ தந்துதவ வேண்டுகிறேன். முழுவதும் தர இயலாதென்றால், மெட்ராசிலிருந்து வரும் விமானத்தின் நேரம் மட்டுமாவது போதும். அதில்தான் பெட்டி அதிகம், முதுகு ஒடிகிறது என்று வேலைக்குப் போன நாளெல்லாம் அவன் அலுத்துக்கொள்வான்.

இடம்: சாலாக் செலாத்தான்
நாள்: 14.3.1995

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
த. சீதாலெட்சுமி
(பாலனின் தாய்)