நெஞ்சு உயரத்தில் ஆரஞ்சு வளையம்

சான் ஹசிந்தோ, ஏரிக்கரை
ஜூன் மாதம், மழை பிடித்த இரண்டாம் வாரம்

அன்பு மகள் நிக்தேவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வாய் ஓயாத அந்தக் கிழட்டுக் கிளியும் உயிரோடு நலம். ராத்திரியே வராத அந்த ஊர்க் கோடையில் நீ தூக்கம் கெடாமல், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும் என்று கன்னி மாதாவிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். போனில் பேசுகிற அப்பாவுக்கு இப்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பேச்சை எடுக்கப் போனேன், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு பீன்ஸ் எப்படி ஊறவைப்பது என்று உன்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். நீயும் பாவம், கேட்டுக்கொண்டிருந்தாய். தேனீ ஆராய்ச்சி ஹெர்லிந்தா மாநாட்டுக்கு உன் பக்கம் வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படிக்கும்போது அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல். அவளுக்கு விஷயம் தெரியும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெட்டாமல் வைத்து வருஷா வருஷம் அளந்துவந்த நம் காட்டுச் சதுரம் போய்விட்டது, மகளே. வெட்டிவிட்டார்கள். ஒரு ஹெக்டேரும் போயிற்று, மூலையில் நின்ற அந்தப் பெரிய மஹோகனியும் போயிற்று. டிசம்பரில் பட்டத்தோடு வந்து என் கையிலிருந்து அளவு டேப்பை வாங்கிக்கொள்வேன் என்றாயே, வாங்கிக்கொள்ள டேப் இருக்கிறது, சுற்ற மரம் இல்லை.

எப்படி நடந்தது என்று கேட்பாய். நீ அப்படித்தான், சின்ன வயசில் முழங்காலில் அடிபட்டால்கூட அழுவதற்கு முன்னால் எந்தக் கல் என்று பார்ப்பாய். உனக்குத் தெரியும், ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் அளவெடுக்கும்போது மரத்துக்கு மரம் நெஞ்சு உயரத்தில் பெயிண்ட் வளையம் போடுவோம், அடுத்த வருஷமும் டேப் அதே இடத்தில் சுற்ற வேண்டுமே என்று. நம் ஊர்க் கடை மஞ்சள் பெயிண்ட் ஒரு மழைக்குத் தாங்காது. அடுத்த வருஷம் போனால் பாதி மரத்தில் வளையம் எங்கே என்று தடவித்தான் பார்க்க வேண்டும். அந்தப் புலம்பலை நான் உன்னிடம் புலம்பாமல் இருந்திருக்கலாம். கூட்டுறவு சங்கத்து ஆட்கள் மரம் வெட்டக் குறி போடுவது ஆரஞ்சு நிறத்தில் என்பதும் உனக்குத் தெரியும், ஆனால் நம் சதுரத்தை அவர்கள் நிறம் பார்த்தா விட்டுவைத்தார்கள்? அது என் சதுரம், தோன் எவரிஸ்தோவின் சதுரம் என்று ஊரில் தவழுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். சங்கத் தலைவர் சிப்ரியானோ என்னைப் பார்த்தாலே, "என்ன தோன் எவரிஸ்தோ, ஒங்க மரமெல்லாம் எடை போட்டுச்சா?" என்று சிரிப்பார். பெயிண்ட் என்ன நிறமாக இருந்தாலும் அவர்கள் கை வைக்க மாட்டார்கள் என்றுதான் நான் யோசிக்காமல் பூசினேன். இத்தனை வருஷமாக அப்படித்தானே இருந்தது.

ஆனால் இந்த வருஷம் அவர்கள் யாரும் இல்லை. மரம் அறுக்கிற வாள் பிடிக்கத் தெரிந்த பையன்கள் எல்லாரும் எல்லை தாண்டி வடக்கே போய்விட்டார்கள். சிப்ரியானோவின் இரண்டு மகன்களும் போய்விட்டார்கள். வெட்ட ஆள் இல்லாமல் சங்கம் முதன்முதலாகத் தெற்கிலிருந்து ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டது. அவன் அனுப்பிய கும்பலுக்கு நம் ஊரும் தெரியாது, என்னையும் தெரியாது. மேஸ்திரி ரெமிஹியோ என்று ஒருத்தர், குட்டையாக, ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிற மனிதர். நான் அப்போது அடுத்த மாவட்டத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து நம் பாதையில் நடக்கும்போதே தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது. அந்த இடத்தில் வெளிச்சம் தெரியக் கூடாது, மகளே. உனக்கே தெரியும், நண்பகலில்கூட அங்கே தொப்பி தேவைப்படாது.

நான் அந்த ஆளின் சட்டையைப் பிடித்துவிட்டேன். இந்த வயசில். அவர் கோபப்படவே இல்லை, குழம்பிப்போய் நின்றார். "சார், மொதல்ல கைய எடுங்க. குறி இல்லாத மரம் ஒண்ணத் தொட்டிருந்தா என்னக் கேளுங்க. சுத்திப் பாருங்க, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கெளை முறிஞ்சிருக்கா?" என்றார். சுற்றிப் பார்த்தேன். முறியவில்லை. கத்தியால் கேக் வெட்டின மாதிரி சரியாகச் சதுரத்தின் விளிம்போடு நின்றிருந்தார்கள். மெலிந்த மரத்தைக்கூட ஏனய்யா வெட்டினீர்கள், காசுக்கு ஆகாத மரத்துக்கெல்லாம் யாராவது குறி போடுவார்களா, அதுகூடத் தோன்றவில்லையா என்று கேட்டேன். "அதனாலதான் சார் வெட்டினோம். சும்மா மரத்துக்குன்னா அங்கொண்ணும் இங்கொண்ணுமா குறி இருக்கும். இது ஒரே சதுரமா, பொடிசு பெருசுன்னு பாக்காம எல்லாத்துலயும் வளையம். அப்ப இது கட்டை அடுக்குற களத்துக்குத்தான, லாரி திரும்ப எடம் பண்ணச் சொல்றாங்கன்னு நெனச்சோம். எந்தக் காட்டுலயும் அதான் சார் வழக்கம்" என்றார். உண்மைதான். அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். நானே மாணவர்களுக்கு அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். அப்புறம் அவர் லாரிக்குப் போய் ஒரு சாக்கை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். மரத்தில் அடித்திருந்த நம் நம்பர்த் தகடுகள். ஆணி வாளைக் கெடுத்துவிடும் என்று பிடுங்கியவர், யாருடைய பொருளோ என்று ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருக்கிறார். திட்டப் போனவன் நான். அந்த மனிதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

நீ மனசில் என்ன நினைக்கிறாய் என்று இப்போதே எனக்குக் கேட்கிறது. வேண்டாம், நிக்தே. அந்த டின்களை நீ அனுப்பினாய், சரி. மழைக்கு நிற்கிற நல்ல பெயிண்ட், காட்டு வேலைக்கென்றே செய்தது, என் அப்பா இனிமேல் மரத்தைத் தடவ வேண்டாம் என்று உன் சாப்பாட்டுக் காசில் வாங்கினாய். டின்னைத் திறந்து ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தவன் நான், தூரிகை பிடித்தவன் நான். இதை உனக்கு எழுதவே கூடாது என்று உன் அம்மா என்னோடு சண்டை. "எவரிஸ்தோ, எழுதாத. பெயிண்ட்ட அனுப்பினவ அவ. காலம் பூரா அதையே நெனச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பா. தீப்பிடிச்சிடுச்சுன்னு சொல்லு" என்றாள். எழுதிப் பார்த்தேன், சத்தியமாக. ஆனால் நீ வானத்திலிருந்து எடுக்கிற படத்தை வைத்து வேலை செய்கிறவள், பொழுது விடிவதற்குள் தீ எங்கே அப்பா என்று கேட்பாய். அதுவுமில்லாமல், உன் ஆய்வுக் கட்டுரையின் கடைசி அத்தியாயத்தில் சதுரம் தீயில் போயிற்று என்று நீ அச்சில் போட்டு, அந்தப் பொய்யை நாலு பேர் மேற்கோள் காட்டி, அப்புறம் அது நிஜமாகிவிடும். மகளிடம் பொய் சொல்லலாம், ஆராய்ச்சியில் பொய் சொல்லக் கூடாது என்று நினைக்கிற கிறுக்கன் உன் அப்பா, என்ன செய்ய.

நம் ஆய்வு மையத்தில் இதற்குள் ஆராய்ச்சி வாரம் வந்தது. நீ பார்த்ததுதானே, ஒரே மேடையில் குழந்தை, தேனீ, ஏரி மீன், சோளம், காடு, ஆளுக்குப் பத்து நிமிஷம், நடுவில் காபியும் இனிப்பு ரொட்டியும். என் முறை வந்தபோது எழுந்து நின்று, என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வெட்டாமல் விட்டுவைத்திருந்த ஒரே இடத்தை வெட்டிவிட்டார்கள், இனி மற்ற இடங்களில் காடு தேறுகிறதா தேய்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது என்றே எனக்குத் தெரியாது என்று சொல்லி உட்கார்ந்தேன். புது இயக்குநருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அருமையான வாய்ப்பு தோன் எவரிஸ்தோ! வெட்டுன காடு எப்படி மீண்டு வருதுன்னு புதுசா ஆரம்பிச்சிடலாமே!" என்றார். கைதட்டினார்கள். அதற்கு விடை தெரிய எனக்கு இன்னொரு ஆயுசு வேண்டும் என்று சொல்லலாம் என்று பார்த்தேன், ரொட்டியைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். போன வாரம் காட்டுப் பிரிவையே மூடுவதாகக் கடிதம் வந்தது. என் அறை மீன்காரர்களுக்கு. உனக்கென்று சொல்லி வைத்திருந்த அந்த வேலையும் அதோடு போயிற்று.

உன் அம்மாவின் ஆராய்ச்சிக் கதை தனி. கிராமத்துக் குழந்தைகள் எந்த வயசில் எத்தனை கட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள் என்று பார்க்கிறாளே, அந்தச் சிவப்புக் கட்டைகளைக் கோவில் நகை மாதிரிப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுவாள். வீட்டில் விட்டால் பிள்ளை பழகிவிடும், பழகினால் அளவு செல்லாது. இந்தத் தரம் எதெல்வினா வீட்டுக்குப் போனால், அந்தப் பொடியன் இவள் பையைத் திறக்கும் முன்னே தன் கட்டைகளைக் கொண்டுவந்து மளமளவென்று கோபுரம் கட்டுகிறான். பக்கத்து வீட்டிலும் அப்படியே. ஊர் முழுக்க அப்படியே. எதெல்வினாவின் புருஷன் கட்டைக் களத்திலிருந்து துண்டு துக்கடாவைப் பொறுக்கி வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அறுத்துக் கொடுத்திருக்கிறான். எதெல்வினாவுக்கு ஒரே பெருமை. "டாக்டரம்மா, ஒவ்வொரு தடவையும் நீங்க வந்து எங்க புள்ளைங்க கட்ட முடியாம முழிக்கிறதப் பாத்து ஒண்ணும் சொல்லாமப் போறீங்க, எங்களுக்கு மனசு கேக்கல. இப்பப் பாருங்க!" என்றாளாம். பொடியன் கையைத் தட்டச் சொல்லி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம். இவளும் தட்டியிருக்கிறாள், வேறென்ன செய்வாள். வீட்டுக்கு வந்து துணி துவைக்கிற தொட்டியருகே நின்று அழுதாள், அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "ஒன் மரமும் போச்சு, என் புள்ளைங்களும் போச்சு, வா சாப்பிடலாம்" என்றாள். கறுப்பு பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டோம். அவர்கள் ஆசையாகக் கொடுத்த கட்டை ஒன்று இதோ மேஜைமேல் இருக்கிறது. ஒரு பக்கம் ஆரஞ்சுப் பட்டை, எந்த மரத்துத் துண்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் டிசம்பரில் வராதே. பண்டிகைக்கு வா, தமால் சாப்பிடு, திரும்பிப் போய்விடு. வேலைக்கென்று வராதே. உன் பேராசிரியர் அங்கேயே இருக்கச் சொல்கிறார் என்றாயே, இரு. அந்த ஊர் மரங்கள் மெதுவாகத்தான் வளரும், ஆனால் நின்று வளரும். இங்கே வந்து வெறும் வெளிச்சத்தில் நிற்காதே. நான் போன வாரம் டேப்பை எடுத்துக்கொண்டு சும்மா அங்கே போனேன், பழக்க தோஷம். மிச்சம் நிற்கிற அடிக்கட்டை எல்லாம் முழங்காலோடு நின்றுவிட்டது. நெஞ்சு உயரத்தில் சுற்றுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், உன் அம்மாவிடம் சொல்லாதே.

கடவுள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். கண் நிறையத் தூங்கு, வெந்நீர் குடி, அந்தப் பச்சை மீனைத் தின்னாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டு, அப்பா கடிதம் வந்தது என்று மட்டும் சொல், பெயிண்ட் என்ற சொல்லை அவளிடம் எடுக்காதே, அவள் உனக்காகப் பயந்துகொண்டே இருக்கிறாள். என்னிடம் மட்டும் ஒவ்வொரு தரமும் பெயிண்ட் மழைக்கு நிற்கிறதா அப்பா என்று கேட்பாய், நானும் மழை வரட்டும், மழை வரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மழை வந்துவிட்டது. பாதை சேறாகி லாரி போக முடியாமல் நம் கட்டைகள் பாதி களத்திலேயே கிடக்கின்றன, பத்து நாளாக அவற்றின் மேல் விடாமல் கொட்டுகிறது. மேஜைமேல் இருக்கிற கட்டையை நானே தொட்டியில் ஊறப் போட்டு நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஒரு பொட்டுகூடப் போகவில்லை. நல்ல பெயிண்ட்தான், மகளே.

உன் அப்பா
எவரிஸ்தோ