மணிக்கூண்டுக்கு முன்னால் நின்று பேசுவது

அக்டோபர் 6, ஞாயிறு

வழக்கம்போல மணிக்கூண்டுக்கு முன்னால் நின்று வீட்டுக்கு வீடியோ கால். அம்மா மாடிவீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாருங்கக்கா, ஐந்நூறு வருஷத்துக் கட்டடமாம். எம்பொண்ணு தினம் இது வழியாத்தான் காலேஜுக்குப் போறா." கூண்டு முழுசாகத் தெரியட்டும் என்று நான் ஒதுங்கிக்கொண்டேன்.

காலேஜ் பக்கம் போய் ஒரு வாரமாகிறது.

அக்டோபர் 8

ஒன்றுமில்லை. தூங்கினேன்.

அக்டோபர் 9

பக்கத்து அறைக்காரி கதவை இடித்தாள். 'குறட்டை' என்று நான் வைத்த பெயர். சுவரைத் தாண்டிக் கேட்கும். "இருக்கியா, போயிட்டியா? சாப்பாடு வச்சிருக்கேன், எந்திரி."

நடந்ததை எழுதியாவது பார்க்கிறேன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் படிப்பு. நூலகத்துப் பின்சுவரை ஒரு மாதம் அளந்து வரைந்தேன். பேராசிரியை பார்த்துவிட்டு, சுவர் வெளிப்பக்கம் ஒரு சாண் சாய்ந்திருக்கிறது, உன் தாளில் செங்குத்தாக நிற்கிறதே என்றார். நான் அளந்த எண்களிலேயே சாய்வு இருந்தது. அளவு பிசகு என்று நினைத்து நானே சரிசெய்துவிட்டேன். கோடு பிசகாத கை என்று ஊரில் பெயர் வாங்கியவள் ஆயிற்றே! இந்தப் படத்தை நம்பி அந்தச் சுவருக்குக் கீழே யாரையாவது நிற்க வைப்பாயா என்று கேட்டார். தாளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் முதல் தேதிக்குள் மறுபடி வரைந்து கொடுக்க வேண்டும். தேறாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது உடம்பு முழுக்க.

அக்டோபர் 13, ஞாயிறு

கூண்டு. வீடியோ கால். "படம் நல்லா வந்துச்சாடி?"

"சூப்பரா வந்துச்சும்மா. மேடம் பாராட்டினாங்க."

எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில்.

அக்டோபர் 17

ஆற்றுப் பாலம்வரை நடந்தேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இந்தப் பாலத்துக் கற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனேன். "லூசு, கட்டிப்பிடிச்சு முத்தமும் குடுத்துடு" என்று குறட்டை சிரித்தாள். அன்று அவ்வளவு சந்தோஷம். இன்று கல், தண்ணீர். திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மணிக்கூண்டுக்குச் சாரம் கட்டி, பச்சைத் துணியால் உச்சிமுதல் அடிவரை மூடிவிட்டார்கள். பழுதுபார்ப்பாம். இனி எங்கே நின்று பேசுவது? இடம் தேட அலுப்பாக இருந்தது. அறையிலிருந்தே கூப்பிட்டேன்.

"கூண்டை மூடிட்டாங்கம்மா."

"அப்பாடா! இப்பவாவது உன் மூஞ்சி தெரியுதே." போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். "போன வாரமும் இதே ஸ்வெட்டர். கண்ணு உள்ள போயிடுச்சு. என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

"யாருகிட்ட!"

சொல்லிவிட்டேன். சுவர், பொய், வகுப்புக்குப் போகாதது, எல்லாம். திட்டு விழும் என்று இருந்தேன். பின்னாலிருந்து அப்பா குரல்தான் வந்தது. "சுவர் எந்தப் பக்கம் சாஞ்சிருக்காம்?"

"வெளிப்பக்கம்பா."

"அப்ப அதை அப்படியே வரைஞ்சு குடுத்துடேன்."

"சும்மா இருங்க நீங்க" என்றாள் அம்மா. "முடியலன்னா கிளம்பி வந்துடுடி. மாடிவீட்டுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அப்போதும் அழுகை வரவில்லை. பசித்தது. குறட்டை வைத்துவிட்டுப் போயிருந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைக் காலி செய்தேன்.

அக்டோபர் 23

மறுபடி அளந்தேன். நூலகத்து மேல்ஜன்னலிலிருந்து, சாய்வு பார்க்கும் தூக்குக்குண்டு நூலைக் குறட்டை பிடித்துக்கொண்டாள்.

"ஆடாதடி!"

"குளிருதுடி, நான் என்ன சிலையா?"

அதே எண்கள்தான் வந்தன. இந்த முறை ஒன்றையும் மாற்றவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

வெள்ளிக்கிழமை தாளைக் கொடுத்துவிட்டேன். தேறுமா, தெரியாது.

இன்று நூலகத்துப் பின்சுவருக்கு முன்னால் நின்று கூப்பிட்டேன். அம்மா மாடிவீட்டு அக்காவைக் கூட்டிவந்தாள். "என்னது, கோணலா நிக்குது?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. அதைத்தான் எம்பொண்ணு வரையிறா."

"சரியாத் தெரியலையே. கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

"வேணாம்" என்றாள் அம்மா. "அவ நிக்கட்டும்."

நான் ஒதுங்கவில்லை.